உள்ள ஆளிருக்கு

இப்போதெல்லாம் ஜனங்களுக்குச் சோறு தின்கிற இடத்தைப் பற்றிக் கவலை கிடையாது. தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிறார்கள், கட்டில்மேல் ஏறிக்கொள்கிறார்கள், நின்றபடியே ஃபோனைப் பார்த்து விழுங்குகிறார்கள். ஆனால் கழுவிக்கொண்டு வருகிற இடம் மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால், "வாங்க, பாத்ரூமு புதுசா போட்டிருக்கோம், பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவனும் உள்ளே போய் வாயைப் பிளந்து நாலு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வருகிறான். எதற்கு ஏற்பட்ட இடமோ அந்தக் காரியத்தை எவனும் செய்துவிட்டு வருவதில்லை.

மூலக்குளத்தில் தன் தெருவில் வீட்டுக்கு வீடு நடக்கிற இந்தக் கூத்தை இராமதாஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் வீட்டுக்குள்ளும் அது வரும் என்று அவர் நினைக்கவில்லை. மில்லில் தறிக்கு முன்னால் நின்று நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. அதனால் வீட்டில் யார் குரலைத் தாழ்த்திப் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்வார். இந்த முறை அது சரியாகவே இருந்தது.

அவர் மனைவி தனக்கொடிக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வந்தது. முதலில் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டாள். பிறகு உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் போனது. மகன் பெயரைச் சொல்லி மருமகள் பூவிழியைக் கூப்பிட்டாள். ஆடி மாசத்தில் ஒரு நாள் குளிக்கப் போனவள் பழைய சிவப்புத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த அன்றைக்கு மகன் கலைவாணன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தான். அவன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பேச்சும் அந்த மாதிரியே இருக்கும்.

"யப்பா, இப்டியே உட்டா அம்மாவ வச்சிக்கினு பாக்க முடியாது. நான் ஷிஃப்ட்டுக்குப் போறேன், பூவிழி ஆபீசுக்குப் போறா. ஒண்ணு, பாத்ரூம ஒடச்சி சேஃபா பண்ணணும். இல்லன்னா வில்லியனூரு தாண்டி ஒரு ஹோம் இருக்குதாம், அங்க சேக்கணும். ரெண்டுல இன்னான்னு நீயே சொல்லு."

"ஒங்கம்மா இன்னா பார்சலா? கொண்டு போயி போட்டுட்டு வர்றதுக்கு?"

"அப்ப பாத்ரூம ஒடைக்கலாம்னு சொல்லு."

இராமதாஸ் வேறு வழியில்லாமல் சரி என்றார். தனக்கொடி வீட்டில் இருக்க வேண்டும். அதற்காக எதை வேண்டுமானாலும் இடித்துத் தொலையட்டும்.

அப்படித்தான் வினோத்குமார் வந்து சேர்ந்தான். பாத்ரூம் சாமான்கள் விற்கிற பெரிய கடையில் டிசைன் போட்டுக் கொடுக்கிறவன். மழைக்கு நனையாமல் ஒரு டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். அதைத் தடவத் தடவ ஒவ்வொரு பாத்ரூமாக வந்தது. எல்லாம் ஆளில்லாத பாத்ரூம்கள். ஒன்றிலும் ஒரு சொம்பு இல்லை, வாளி இல்லை, காயப்போட்ட துணி இல்லை. செத்தவன் வீட்டைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது இராமதாசுக்கு.

"இப்ப இதான் ட்ரெண்டுங்க சார்," என்று வினோத்குமார் கலைவாணனிடம் சொன்னான். "கமோட தரையில வைக்கறதில்ல. செவுத்துலருந்து தொங்கும். கீழ மாப் போட ஈஸி. ஃப்ளஷ் டேங்க்கு செவுத்துக்குள்ள போயிரும், வெளிய தெரியாது. டைல்ஸ் பெரிய பெரிய சைஸ், ஜாயின்ட்டே தெரியாது. டேப்பு ஷவரு எல்லாம் கருப்புல போவோம். ஷவரு மழை மாதிரி நேரா மேலருந்து கொட்டும்."

"அதான் வெளிய கொட்டுதே," என்றார் இராமதாஸ்.

வினோத்குமார் சிரித்தான். "ஐயா, ஒங்களுக்கு ரொம்ப வசதியா இருக்குங்க. நடுவுல கண்ணாடித் தடுப்பு போட்டு வெட் ஏரியா தனி, ட்ரை ஏரியா தனியா பிரிச்சிடுவோம்."

"இன்னா ஏரியா?"

"ட்ரை ஏரியாங்க. தண்ணியே படாத எடம்."

"குளிக்கிற ரூம்புல தண்ணி படாத எடம் எதுக்குடா?"

"யப்பா, நீ கொஞ்ச நேரம் சும்மா இரு," என்றான் கலைவாணன்.

"தண்ணித் தொட்டி எங்க வரும்?"

"தொட்டிலாம் இப்ப யாரும் வைக்கறதில்லைங்க ஐயா."

"கரண்டு போயி மோட்டரு ஓடலன்னா? தண்ணி வராத அன்னிக்கு? புயலுக்கு நாலு நாளு இருட்டுல கெடந்தமே, அப்ப ஒன் கண்ணாடிய நக்கவா?"

பூவிழி காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் அமைதியான பெண். லாஸ்பேட்டையில் ஒரு காலேஜில் கிளார்க்கு வேலை. "மாமா, அத்தைக்குப் புடிச்சிக்கறதுக்குக் கம்பி வைக்கறாங்க. வழுக்காத தரை. அதுக்காகத்தான்" என்றாள். அவள் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே அவருக்குக் கோபம் வந்தது. காபி ஆறிப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். காபி சூடாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையோடு வேலை ஆரம்பித்தது. கொத்தனார் பலராமன் இரண்டு ஆட்களோடு வந்து சம்மட்டியை இறக்கினார். தொட்டி லேசில் உடையவில்லை. அந்தக் காலத்துச் சிமெண்ட். ஒவ்வொரு அடிக்கும் சமையலறைத் தட்டுகள் அதிர்ந்தன. தனக்கொடி காதைப் பொத்திக்கொண்டு, "மில்லுல வெடிச்சிடுச்சா? ஆளுங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் உடைத்த கப்பியை ஏற்றிப்போக வண்டி வரவில்லை. வாசலில் குவிந்த சிவப்புத் துண்டுகளின்மேல் மழை பெய்து, சாயத் தண்ணீர் மாதிரி ஓடியது.

அந்த நாட்களில் குளியல் தோட்டத்துப் பக்கம். துணி துவைக்கிற கல்லைச் சுற்றிப் பலராமன் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொடுத்தார். இராமதாஸ் அண்டாவில் வெந்நீர் போட்டு, தனக்கொடியைக் கல்மேல் உட்காரவைத்து, மொண்டு மொண்டு ஊற்றினார். மேலே தார்ப்பாயில் மழை படபடத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டினாள்.

"இந்தாண்ட கொஞ்சம் தேய்யா. ம்... அங்கதான். இன்னிக்கு இன்னா குழம்பு?"

"நெத்திலிக் கருவாடு. கத்திரிக்கா போட்டு."

"மாங்கா போடலியா?"

"ஐப்பசில மாங்காய்க்கு எங்க போறது?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது," என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. இடிபாடும் இரைச்சலும் தலைவலியுமாகக் கிடந்த வீட்டில், தார்ப்பாய்க்குள் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவருக்கு நன்றாக இருந்தது.

கார்த்திகை பிறந்து வேலை முடிந்தது. சொன்னபடியே எல்லாம் இருந்தது. தொங்குகிற கமோடு, கருப்புக் குழாய்கள், பளபளவென்று கருப்பு டைல்ஸ் ஒட்டிய சுவர், அதற்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு. கதவைத் திறந்ததும் நேர் எதிரே, கை கழுவுகிற தொட்டிக்குப் பின்னால், சுவரை அடைத்துக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி. ஆள் வாடை பட்டால் அதைச் சுற்றித் தானாகவே விளக்கு எரியும். பக்கத்து வீட்டு மேனகா வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, ஓட்டலு மாதிரி இருக்குதே" என்றாள். பூவிழி முகம் மலர்ந்தது. கைப்பிடிக் கம்பியை இராமதாஸ் ரகசியமாக இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அது மட்டும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பூவிழி, "அத்த, குளிக்க வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். தனக்கொடி கதவுவரைக்கும் வந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. அவள் சட்டென்று ஒரு எட்டு பின்னால் வந்து, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வாங்க அத்த."

"இரு, இரு. வரட்டும்."

"யாரு வரட்டும்?"

தனக்கொடி சுவரோரம் ஒதுங்கி நின்றாள். பூவிழிக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனாள். சாயந்திரமும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. தனக்கொடி கதவுக்கு வெளியே நின்றாள். நெடுநேரம் நின்றாள். கால் கடுத்தால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே மட்டும் போகவில்லை. ஒன்றுக்குப் போவதையும் அடக்கிக்கொண்டு நின்று, கடைசியில் சேலையோடு போனாள். நனைந்த சேலையைப் பார்த்து அவளே அழுதாள்.

தோட்டத்துக் கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார் இராமதாஸ். தார்ப்பாயைப் பலராமன் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். இவர் பழைய புடவையைக் கட்டி மறைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது கலைவாணன் ஓடிவந்தான்.

"யப்பா, இன்னாப்பா பண்ற? மாடி வூட்டுக்காரன் நின்னு பாக்கறான் பாரு. இவ்ளோ பண்ணி வச்சிட்டு, அம்மாவ வெட்ட வெளியில உக்கார வச்சி ஊத்தறியே. ஊரு இன்னா பேசும்?"

"அவ உள்ள வரமாட்டேங்கறா."

"நீ சொல்லி வச்சிருப்ப. ஒனக்கு மொதல்லருந்தே புடிக்கல."

இராமதாஸ் சொம்பைக் கீழே வைத்தார். மகன் அப்படி நினைப்பான் என்பதில் அவருக்கு ஆச்சரியமில்லை. அவனுடைய இடத்தில் இருந்தால் அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அந்த வாரமே தனக்கொடிக்குக் காய்ச்சல் கண்டது. அடக்கி அடக்கி வைத்ததில் சிறுநீர்த் தாரையில் புண் என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கலைவாணன் வராந்தாவில் நின்று ஹோமுக்கு ஃபோன் செய்து, எப்போது கூட்டி வரலாம் என்று விசாரித்தான். இராமதாசுக்குப் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

காய்ச்சல் விட்ட அன்று அவர் பகலெல்லாம் தனக்கொடியை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்ரூமில் பேய் இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா, எதற்கு இவள் பயப்படுகிறாள்? பார்த்தால் பயந்த மாதிரியும் தெரியவில்லை. மத்தியானம் அவள் தானாக எழுந்தாள். வேலையாட்கள் விட்டுப்போன பெயின்ட் பக்கெட் ஒன்று தோட்டத்தில் கிடந்தது. அதை எடுத்து வந்து, பாத்ரூம் கதவுக்கு முன்னால் சுவரோரமாக, நேராக வைத்தாள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

பக்கெட்டைப் பார்த்ததும் இராமதாசுக்கு விஷயம் பிடிபட்டது.

கல்யாணமான புதிதில் அவர்கள் முதலியார்பேட்டையில், மில்லுக்குப் பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்தார்கள். வரிசையாக வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொம்பளைகளுக்கு ஒரே குளியலறை. தகரக் கதவு. குளிக்கப் போகிறவள் துண்டைக் கதவுமேல் போட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்தவள் தன் வாளியைக் கொண்டுவந்து கதவோரம் வைக்க வேண்டும், அதற்கடுத்தவள் அதன் பின்னால். வாளிதான் வரிசை. உள்ளே இருப்பவளைச் சீக்கிரம் வா என்று ஒருத்தியும் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் சண்டை, லைனே சிரிக்கும். தனக்கொடி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பிள்ளைத்தாய்ச்சி வந்தால் தன் வாளியை நகர்த்தி வைத்து இடம் விடுவாள்.

"தனம், உள்ள யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரோ புதுசா குடி வந்திருக்காங்க போல," என்று அவளும் மெதுவாகவே சொன்னாள். "வயசான பொம்பள. எப்ப பாத்தாலும் உள்ளயே நிக்கறா. துண்டு கூட தோளுலதான் போட்டிருக்கா, கதவுல போடத் தெரியல. பட்டிக்காடு."

"கூப்புட்டுப் பாக்கறதுதான?"

"சே, குளிக்கறவள எப்டிய்யா கூப்புடறது?"

சாயந்திரம் பூவிழி வந்ததும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே சுவரில் சாய்ந்து நின்றாள். "அந்தக் கண்ணாடிய நான்தான் மாமா கேட்டு வாங்கினேன்," என்றாள். பிறகு ஒரு கட்டில் விரிப்பை எடுத்துவந்து கண்ணாடிமேல் ஒட்டினாள்.

அதனாலும் பிரயோஜனமில்லை. தனக்கொடி வந்ததும் விரிப்புக்குப் பின்னால் விளக்கு தானாக எரிந்தது. "தெரை கட்டிக்கினு குளிக்கறா, லைட்டு போட்டிருக்கா பாரு" என்று சொல்லிவிட்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கலைவாணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, வினோத்குமாருக்கு ஃபோன் போட்டான்.

"கண்ணாடி இல்லாம அந்த செவுரு லுக்கே போயிடுங்க சார்," என்றான் அவன். அது இராமதாசுக்கே கேட்டது. கலைவாணன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். மறுநாள் ஆள் வந்து கண்ணாடியைப் பெயர்த்தான். பசை போட்டு ஒட்டியிருந்ததால் டைல்ஸும் சேர்ந்து விண்டு வந்தது. பல்லக்கில் ராஜாவைத் தூக்குகிற மாதிரி இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து போனார்கள். சுவரில் காய்ந்த பசைத் தடமும், துருத்திக்கொண்டு இரண்டு வயர்களும் மிஞ்சின. ஊரெல்லாம் ஃபோட்டோ எடுத்த பாத்ரூம் அம்மை போட்ட முகம் மாதிரி ஆயிற்று.

"ஞாயித்துக்கெழம பாப்போம்," என்றான் கலைவாணன். "அன்னிக்கும் போகலன்னா திங்கக்கெழம ஹோம்தாம்பா. நானும் மனுஷன்தான். இதுக்கு மேல என்னால ஆவாது."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். சமையலறையில் இட்லி வெந்துகொண்டிருந்தது. தனக்கொடி பக்கெட்டோடு வந்தாள். கதவருகே நின்று எட்டிப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் யாருமில்லை. வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். கூடத்தில் நின்றிருந்த கலைவாணன் பூவிழியின் கையைப் பிடித்து அழுத்தினான். இராமதாஸ் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் தனக்கொடி நின்றுவிட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் கருப்பு டைல்ஸ். அதில் ஓர் உருவம், புகை படிந்த மாதிரி மங்கலாக, அவளைப் பார்த்தபடி நின்றது. இராமதாசுக்கும் அது தெரிந்தது. அதற்குப் பின்னால், அதைவிட மங்கலாக, சொம்போடு ஒரு கிழவனும் நின்றான்.

"ஐயய்யோ, இன்னாடி இப்டி ஆயிட்ட?" என்றாள் தனக்கொடி. "போன வாரங்கூட நல்லா வெளிச்சமா இருந்தாளே. பாருய்யா, நெழலாட்டம் நிக்கறா."

அவள் கண்ணாடித் தடுப்புக்கு இன்னும் கிட்டப் போனாள்.

"ஒடம்பு சரியில்ல போல. அதான் குளிக்க முடியாம நின்னுக்கினே இருந்திருக்கா. எனக்கு உறைக்கல பாரு." அவள் திரும்பி அவரைக் கேட்டாள். "தண்ணி மொண்டு ஊத்தறதுக்கு ஆளு இல்லியா இவளுக்கு? புருஷங்காரன் எங்க போனான்?"

"இருக்கான்," என்றார் இராமதாஸ். "இங்கதான் இருக்கான்."

"இருந்து இன்னா? பொண்டாட்டி இந்தக் கெதியில நிக்கறா."

அவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, சொம்பை அவள் கையில் கொடுத்தார். "நீ ஊத்தி உடு, தனம்."

அவள் சொம்பில் மொண்டு கண்ணாடிமேல் ஊற்றினாள். தண்ணீர் கண்ணாடியில் வழிந்து தரைக்கு ஓடியது. "சூடு சரியா இருக்குதா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு சொம்பு ஊற்றினாள். இராமதாஸ் கைஷவரை எடுத்து, சத்தம் வராமல் திருகி, அவள் முதுகில் மெல்ல விட்டார். அவள் கவனிக்கவில்லை. சேலை நனைந்து ஒட்டியது. அவள் கண்ணாடிக்குச் சோப்புப் போட்டாள், அவர் அவள் தோளுக்குப் போட்டார். அவள் கண்ணாடியின் முதுகைத் தேய்த்தாள், அவர் அவள் முதுகைத் தேய்த்தார். முள்ளெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்கு அகப்பட்டது. இவ்வளவு மெலிந்துவிட்டாளா என்று இருந்தது.

"கண்ண மூடிக்கோ, எரியும்," என்று கண்ணாடியிடம் சொன்னாள்.

நுரை நிறைந்து உருவம் மறைந்தது. மொண்டு ஊற்றியதும் திரும்ப வந்தது. "செத்த நேரம் அப்டியே இரு. யாராவது வந்து தொவட்டி உடுவாங்க" என்று அதற்குத் தைரியம் சொன்னாள்.

துவட்டி, புடவை மாற்றி, தலையில் துண்டைச் சுற்றி வெளியே அழைத்து வந்தபோது கலைவாணன் கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மாவை அணைத்துக்கொண்டான். சோப்பு வாசனையோடு அவள் யாரையோ பார்ப்பது போல அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியாப்பா? பழகிட்டாங்க. நான் சொன்னனே, டிசைன்ல ஒண்ணும் கொறையில்ல, அந்தக் கண்ணாடி ஒண்ணுதான். வினோத்கிட்ட சொல்லி அந்த எடத்துல வேற எதனா ஒட்டிக்கலாம். இப்ப மரப்பட்ட மாதிரி டைல்ஸ் வந்திருக்குதாம்." ஃபோனை எடுத்தான். "ஹோமுக்கு வேணான்னு சொல்லிடறேன்."

"சொல்லு," என்றார் இராமதாஸ்.

பூவிழி இட்லியைத் தட்டில் வைத்து எடுத்து வந்தாள். தனக்கொடி அவள் கையைப் பிடித்தாள். "ஏ பொண்ணு, இன்னொரு துண்டு எடுத்துக் கதவுல போடு. உள்ள ஆளிருக்கு. பாவம், இன்னும் ஈரத்தோட நிக்கறா."

"அதான் குளிச்சாச்சே அத்த," என்றாள் பூவிழி சந்தோஷத்தில். கலைவாணனும் சிரித்தான்.

இராமதாஸ் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி, பாத்ரூம் கதவின் மேல் போட்டார். இன்றைக்குக் குளித்தாயிற்று. நாளைக்கு அந்தப் பொம்பளை தேறி எழுந்து, முதல் ஆளாக வந்து நின்றால், இவள் மறுபடி வெளியே காத்துக் கிடப்பாளா? இல்லை, இன்னும் மெலிந்து கண்ணுக்கே தெரியாமல் போனால், இவள் யாருக்காக உள்ளே போவாள்? இதையெல்லாம் சொன்னால், அப்பாவுக்கு எதுவும் பிடிக்காது என்பான் மகன்.

"இனிமே பிரச்சன இல்லப்பா," என்றான் கலைவாணன்.

"ம்," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு தூறலில் இறங்கினார். வாசலில் இன்னும் அள்ளிப்போகாமல் கிடந்த சிவப்புக் கப்பியைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார். பின்னாலிருந்து மகன் குடையை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கத்தினான். அது நன்றாகவே கேட்டது. கேட்காத காதுக்காரர் மாதிரி அவர் நடந்து போனார்.